மலைவீட்டு மேஜை போன்: பொருத்தும்போதும் பேசும்போதும்

ஏற்காடு ஏரிக்கரையில் நின்றால் செல்போன் சிக்னலுக்குக் குறைவில்லை. வாழவந்திப் பக்கம் காபித் தோட்டத்துச் சரிவில் நாலு எட்டு இறங்கினால் கதை வேறு. எதிர்மேடு மறைத்துக்கொள்ளும்; வாசலில் கிடைத்த கோடு அடுப்படியில் கிடைக்காது. அதனால்தான் சேர்வராயன் மலையில் சில வீடுகளும் எஸ்டேட் ஆபீஸ்களும் ஒயர் போட்ட மேஜை போனை இன்னும் கழற்றிப் போடவில்லை. ஆபத்து நேரத்தில் கைகொடுப்பதும் அந்த ஒயர்தான். இடி மின்னலை வீட்டுக்குள் அழைத்து வருவதும் அதே ஒயர்தான். எப்போது அதை நம்பலாம், எப்போது பிடுங்கிப் போட வேண்டும் என்பது தெரிந்திருந்தால் போதும்.

1. உங்கள் வீட்டுக்கு வருவது செம்புக் கம்பியா, ஃபைபரா என்று முதலில் பாருங்கள். ஒயர் சுவரிலுள்ள சின்ன ரோசெட் பெட்டியில் வந்து முடிந்து, அங்கிருந்து நேராக போனுக்குப் போனால் அது செம்பு. விளக்குகள் மினுக்கும் ஒரு பெட்டி நடுவில் இருந்து, அதன் முதுகில் போன் செருகியிருந்தால் ஃபைபர். இப்போது புது இணைப்பு கேட்டால் பெரும்பாலும் ஃபைபர்தான் தருகிறார்கள்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கரண்ட் போகும்போது தெரியும். செம்புக் கம்பிப் போனுக்கு வீட்டு மின்சாரம் வேண்டாம். எக்ஸ்சேஞ்சிலுள்ள பேட்டரிகளிலிருந்து சுமார் 48 வோல்ட் டிசி அந்தக் கம்பியிலேயே வந்துவிடுகிறது. காற்றுமழையில் ஊரே இருட்டானாலும் ரிசீவரை எடுத்தால் டயல் டோன் வரும். ஃபைபர் பெட்டி அப்படி இல்லை. அது வீட்டு பிளக்கை நம்பிப் பிழைக்கிறது. கரண்ட் நின்றால் போனும் ஊமை. ராத்திரி அவசரத்துக்கென்றுதான் போன் வைத்திருக்கிறீர்கள் என்றால், அந்தப் பெட்டிக்கு ஒரு சின்ன யுபிஎஸ் அவசியம். கடைக்குப் போகுமுன் பெட்டியின் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் எழுதிக்கொண்டு போங்கள். பெரும்பாலும் 12 வோல்ட்தான் இருக்கும். ஆனாலும் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

2. போன் வைக்கும் இடம். குளியலறை, பாத்திரம் துலக்கும் தொட்டி, துவைக்கும் கல், மோட்டார் சுவிட்ச் இவற்றின் பக்கம் வேண்டவே வேண்டாம். ஈரக் கையோடு ஓடிப்போய் ரிசீவரை எடுக்கும் தூரத்தில் இருந்தாலும் தப்புதான். மலைவீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. மழைக்காலத்தில் வெளிச்சுவர் ஓதம் இழுத்து, உட்பக்கம் கை வைத்தால் பிசுபிசுக்கும். அந்தச் சுவரில் ரோசெட்டைப் பொருத்தினால் ஒரே மழைக்காலத்தில் உள்ளே பச்சைக் களிம்பு ஏறிவிடும். வீட்டின் நடுச்சுவர் நல்லது.

போனை ஷோகேஸ் மேல் ஏற்றி, பூவேலை செய்த துணி போட்டு மூடி வைப்பது நம் ஊர்களில் பழைய வழக்கம். பார்க்க அழகுதான். ஆனால் தனியாக இருக்கும் பெரியவர் வழுக்கி விழுந்தால், தரையிலிருந்து அந்தப் போன் எட்டுமா? கட்டில் பக்கத்தில் தாழ்வான ஸ்டூலில் வையுங்கள். தவழ்ந்து வந்தாலும் கைக்கு எட்ட வேண்டும்.

3. கம்பத்திலிருந்து வரும் ஒயரை ஜன்னல் சந்தில் நுழைத்துக் கதவைச் சாத்துவது, தகரக் கூரையில் ஆணியால் ஓட்டை போட்டு இழுப்பது இரண்டும் கூடாது. தகரத்தின் விளிம்பு காற்றில் ஒயரை அறுத்துக்கொண்டே இருக்கும். மேலுறை கிழிந்தால் கம்பி கூரையைத் தொடும். சுவரில் துளையிட்டு, சின்ன பிவிசி குழாயைச் செருகி, அதன் வழியாக ஒயரை உள்ளே கொண்டுவாருங்கள். துளையை வெளிப்பக்கம் கொஞ்சம் சரிவாகப் போட வேண்டும். உள்ளே நுழையுமுன் ஒயரை ஒரு முழம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினால், ஒயரோடு வழிந்து வரும் மழைநீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், வீட்டுக்குள் வராது.

4. போன் ஒயரையும் மின்சார ஒயரையும் ஒரே குழாயில் போடாதீர்கள். பக்கத்தில் ஒட்டிப் போனால் பேச்சில் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் வரும். அது சின்னத் தொல்லை. உள்ளே உறை கிழிந்து இரண்டும் தொட்டுக்கொண்டால் 230 வோல்ட் ரிசீவருக்கு வரும். இரண்டு ஒயரும் குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில், சேர்ந்து ஓடாமல் செங்குத்தாகக் கடக்கட்டும்.

5. ரோசெட் பெட்டியைத் திறக்கும் முன்: போனைக் கழற்றிவிட்டால் ஒயரில் ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். போன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் செம்புக் கம்பியில் 48 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். அது தொட்டால் பெரிதாகத் தெரியாது. அந்த நேரம் பார்த்து யாராவது உங்களைக் கூப்பிட்டால், மணி அடிப்பதற்காக சுமார் 75 வோல்ட் ஏசி வந்து சேரும். அது நன்றாகவே உதறும். ஏணிமேல் நின்றிருந்தால் ஷாக்கைவிட விழுவதுதான் ஆபத்து.

ஆகவே லைன் உள்ளே நுழையும் முதல் இணைப்பைக் கழற்றிவிட்டு வேலை பாருங்கள். முடியாவிட்டால், வீட்டில் அதே லைனில் இன்னொரு போன் இருந்தால் அதன் ரிசீவரை எடுத்து வைத்துவிடுங்கள். அப்போது மணி வராது. கை உலர்ந்திருக்க வேண்டும். மோதிரம், கைக்கடிகாரம், வளையல் மாதிரி உலோகங்கள் கம்பியில் படக்கூடாது. பிடி உறையுள்ள ஸ்குரூடிரைவர் மட்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் இந்த வேலைக்குப் போக வேண்டாம். வானம் இருண்டிருந்தால் யாருமே போக வேண்டாம். லைன்மேன் வந்தாலும் காபி கொடுத்து உட்கார வையுங்கள்.

6. போனுக்கு வேண்டியது இரண்டே கம்பி. ரோசெட்டில் இரண்டு ஸ்குரூ, பிளக்கில் நடுவிலுள்ள இரண்டு முள். பட்டன் போன்கள் பெரும்பாலானவற்றில் எந்தக் கம்பி எந்த ஸ்குரூவில் என்பது முக்கியமில்லை. மிகப் பழைய பட்டன் போன் ஒன்றில் பேச்சு வந்து, பட்டன் மட்டும் வேலை செய்யாமல் போனால் இரண்டு கம்பியையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

7. இடி மின்னல். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

சித்திரை, வைகாசியில் மலையில் காலை வெயில் பளிச்சென்று அடிக்கும். மத்தியானத்துக்கு மேல் மேகம் திரண்டு மாலையில் இடிக்கும். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையோடு இன்னொரு சுற்று. அந்த நேரங்களில் ஒயர் போனில் பேசாதீர்கள். மின்னல் உங்கள் வீட்டில் விழ வேண்டும் என்ற அவசியமே இல்லை. தூரத்தில் கம்பத்திலோ, ஒயருக்குப் பக்கத்து மரத்திலோ விழுந்தாலே போதும். கம்பங்களில் தொங்கியபடி மேட்டிலிருந்து இறங்கி வரும் அந்த ஒயர் அதிர்ச்சியைச் சுமந்துகொண்டு வீட்டுக்குள் வரும். அதன் கடைசி முனை உங்கள் காதில் இருக்கிறது. ஷாக் ஒரு பக்கம். ரிசீவரில் திடீரென வெடிக்கும் சத்தமே செவிப்பறையைப் பாதிக்கும்.

நேரம் கணக்கிட எளிய வழி இருக்கிறது. மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்குங்கள். 30 விநாடிக்குள் இடி கேட்டால், மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது; ரிசீவரை வைத்துவிடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே மறுபடி எடுங்கள். மழை நின்றதா என்று பார்க்க வேண்டாம், இடி நின்றதா என்று கேளுங்கள். புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் 'தாமினி' செயலியில் உங்களைச் சுற்றி எங்கே மின்னல் விழுகிறது என்று தெரியும். சிக்னல் இருக்கும் இடத்தில் அதையும் வைத்துக்கொள்ளலாம்.

பிளக்கைப் பிடுங்குவது மேகம் திரளும்போதே நடக்க வேண்டும். இடி தலைக்கு மேல் வந்தபின் ஒயரைத் தொடப் போகாதீர்கள். போன் பிளக்கோடு மோடம் அல்லது ஃபைபர் பெட்டியின் மின் அடாப்டரையும் சேர்த்துக் கழற்றுங்கள். மின்னல் கரண்ட் ஒயர் வழியாகவும் வரும்.

இந்த விஷயத்தில் தவறான நம்பிக்கைகளும் உண்டு. ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டால் ஆபத்தில்லை என்பார்கள். அப்படிச் செய்தால் மணி அடிக்காது, அவ்வளவுதான். ஒயர் போனோடுதான் இருக்கிறது. ஃபைபர் வந்துவிட்டது, இனி பயமில்லை என்பது இன்னொன்று. கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது, உண்மை. ஆனால் கம்பத்திலிருந்து வரும் ஃபைபர் ஒயர் பலவற்றில் தாங்கலுக்கு ஒரு இரும்புக் கம்பி கூடவே ஓடுகிறது. பெட்டிக்கு மின் அடாப்டரும் இருக்கிறது. மூன்றாவது, செல்போனில் பேசினால் மின்னல் இழுக்கும் என்பது. வீட்டுக்குள், சார்ஜரில் செருகாத செல்போனில் பேசலாம். அதற்குத்தான் ஒயர் இல்லையே. கார்ட்லெஸ் போனின் கைப்பிடியிலும் பேசலாம். அதன் அடித்தட்டைத் தொடாமல் இருந்தால் சரி.

8. மின்னல் தடுப்புக் கருவி வாங்கி மாட்டலாம். ஆனால் அது வேலை செய்ய எர்த் சரியாக இருக்க வேண்டும். பாறை மேல் கட்டிய மலைவீடுகளில் எர்த் கிடைப்பதே பாடு. எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பார்க்காமல் மாட்டினால் அது சுவருக்கு அலங்காரம்தான். மாட்டிய பிறகும் இடி நேரத்தில் பேசக் கூடாது. கருவி போனைக் காப்பாற்றலாம். காதுக்கு உத்தரவாதம் தராது.

9. மழை விட்டபின் தீய்ந்த வாடை வந்தாலோ, ரோசெட் கருத்திருந்தாலோ அந்தப் போனை எடுக்காதீர்கள். வெளியே ஒயர் அறுந்து கிடந்தால் 'போன் ஒயர்தானே' என்று ஓரமாக இழுத்துப் போடப் போக வேண்டாம். அது மேலே எங்கேயோ மின்கம்பியில் மாட்டிக்கொண்டு கிடக்கலாம். பிள்ளைகளையும் மாட்டையும் தள்ளி நிறுத்திவிட்டு, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள்.

10. காபிக்கு நிழல் திறக்க சில்வர் ஓக் கிளைகளை வெட்டும் நாட்களில் ஒயர் எந்த வழியாகப் போகிறது என்று வெட்டுகிறவருக்கு முன்னாலேயே காட்டிவிடுங்கள். போன் கம்பத்தில் மிளகுக்கொடி ஏற்றுவதும் வேண்டாம். ஏறினால் நன்றாகத்தான் காய்க்கும், ஆனால் லைன்மேன் ஏற முடியாது.

11. கேஸ் வாடை அடித்தால் அந்த அறையில் போனைத் தொடாதீர்கள். ரிசீவரை எடுக்கும்போதும் மணி அடிக்கும்போதும் உள்ளே சிறு பொறி உண்டாக வாய்ப்பிருக்கிறது. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு பரவி அடுத்த அறைக்கும் வரும். சுவிட்சையும் போடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். பக்கத்து வீட்டிலிருந்து 1906-க்குச் சொல்லுங்கள். கேஸ் கசிவுக்கென்றே உள்ள எண் அது.

12. போன் பக்கத்துச் சுவரில் எண்களைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பொதுவான அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, மருத்துவ ஆலோசனை 104, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. பக்கத்து வீட்டுக்காரர், ஜீப் வைத்திருப்பவர், ஊர் நர்ஸ் ஆகியோர் எண்களும் அதே தாளில் இருக்கட்டும். கண் தெரியாத இருட்டில் டைரியைத் தேட முடியாது.

எண்களுக்குக் கீழே உங்கள் முகவரியையும் எழுதுங்கள். சொந்த முகவரி நமக்குத் தெரியாதா என்று தோன்றும். அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று பதறும் நேரத்தில் அது நாக்கில் வராது. வீட்டில் வேலைக்கு வந்திருப்பவரோ விருந்தாளியோ பேச நேர்ந்தால் அவருக்குத் தெரியவே தெரியாது. எதிர்முனையில் எடுப்பவர் மலைக்காரர் இல்லை, தூரத்தில் ஒரு மையத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் வெறுமனே 'வாழவந்தி' என்றால் போதாது. கொல்லிமலையில் வாழவந்தி நாடு இருக்கிறது. அது நாமக்கல் மாவட்டம். வண்டி இன்னொரு மலைக்கு ஏறிவிடக் கூடாது. அதனால் தாளில் இப்படி எழுதி வையுங்கள்: 'சேலம் மாவட்டம், ஏற்காடு வட்டம், வாழவந்தி ஊராட்சி, இன்ன ஊர், இன்ன எஸ்டேட் கேட்டுக்கு அடுத்த இறக்கம்.' கோயில், பள்ளி, ரேஷன் கடை ஏதாவது ஒரு அடையாளமும் வேண்டும். தார் ரோடு எங்கே முடிகிறது, டார்ச்சோடு யார் வந்து நிற்பார்கள் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் ரிசீவரை வைக்க வேண்டும்.

13. லேண்ட்லைனிலிருந்து செல்போனுக்குப் பேச முன்னால் 0 சேர்க்க வேண்டும். 2021 ஜனவரி 15 முதல் நாடு முழுக்க இதுதான் முறை. சுவரில் ஒட்டிய தாளில் செல் எண்களை 0 சேர்த்தே எழுதிவிட்டால் பாட்டிக்குக் குழப்பமில்லை. வெளியூரிலிருந்து ஏற்காட்டு லேண்ட்லைனைக் கூப்பிடுகிறவருக்கு 04281 என்ற எஸ்டிடி குறியீட்டைச் சொல்லி வையுங்கள். சேலத்தின் 0427-ஐப் போட்டுவிட்டு 'லைன் போகலை' என்பவர்கள் நிறைய.

14. 'தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்' என்ற குரல் வந்து, அழுத்தினாலும் ஒன்றும் நடக்காவிட்டால் போனின் அடியில் பாருங்கள். பி, டி என்று இரண்டு ஆங்கில எழுத்துப் போட்ட ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அது டி-யில், அதாவது டோனில் இருக்க வேண்டும். பி என்றால் பல்ஸ். பழைய சுழற்றும் போன் மாதிரி விநாடிக்குப் பத்து 'டிக்' போடும். ஃபைபர் பெட்டிகள் பலவற்றுக்கு அது புரிவதில்லை. தாத்தா காலத்துச் சுழற்றும் கறுப்பு போனைத் துடைத்து ஃபைபரில் மாட்டினால் பேச்சு வரலாம், மணியும் வரலாம். நம்பர் போகாமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

15. டோன் வராவிட்டால் உடனே புகார் வேண்டாம். வீட்டில் எங்காவது ரிசீவர் சரியாக வைக்காமல் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதி நேரம் அதுதான். அடுத்து எல்லாப் போன்களையும் கழற்றிவிட்டு, ஒரே ஒரு போனை லைன் நுழையும் முதல் ரோசெட்டில் செருகுங்கள். டோன் வந்தால் கோளாறு வீட்டுக்குள், வராவிட்டால் வெளியே. இதைச் சொல்லிப் புகார் கொடுத்தால் லைன்மேனுக்கு ஒரு நடை மிச்சம்.

16. ஒயர் நடைபாதையில் குறுக்கே கிடக்கக் கூடாது. பாய்க்கு அடியில் ஒளித்து வைப்பது அதைவிட மோசம். மிதிபட்டு உள்ளே அறுந்து, கர்ரென்று இரைச்சல் போடும். குழந்தை இருக்கும் வீட்டில் சுருள் ஒயர் தூளிக்கோ கட்டிலுக்கோ எட்டும் தூரத்தில் தொங்கக் கூடாது. கழுத்தில் சுற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. சுருள் முறுக்கிக்கொண்டால் ரிசீவரைத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள், தானே சுற்றி அவிழும்.

17. ஒரே லைனில் இரண்டு, மூன்று போன் போதும். அதற்கு மேல் போட்டால் மணி எல்லாவற்றிலும் முனகும்.

18. துடைக்க, பிழிந்த துணி. தண்ணீர் தெளிக்கக் கூடாது. துடைக்கும் முன் பிளக்கைக் கழற்றுங்கள். பனிக்காலத்துக்குப் பின் ரோசெட் மூடியை ஒருமுறை திறந்து எறும்பு குடியேறியிருக்கிறதா என்று பார்க்கலாம். ஐந்தாம் குறிப்பை மறக்காமல்.

19. காது மந்தமானவருக்கு, ஒலியைக் கூட்டும் வசதியும் பெரிய பட்டனும் உள்ள போன் வாங்குங்கள். காது கருவி போட்டவர் என்றால், கருவியில் டெலிகாயில் வசதி இருக்கிறதா என்று கேட்டு, அதற்கு ஒத்துவரும் ரிசீவராகப் பாருங்கள். மணி வந்தால் விளக்கு மின்னும் போனும் கிடைக்கிறது.

20. 'உங்கள் போன் இணைப்பு இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், ஒன்பதை அழுத்தவும்' என்று மிரட்டுகிறவர்கள் லேண்ட்லைனையும் விடுவதில்லை. தனியாக இருக்கும் பெரியவர்கள்தான் அவர்களுக்கு வசதி. எதையும் அழுத்தாமல் வைத்துவிடச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள்.

21. வீட்டைப் பூட்டிக்கொண்டு சேலத்துக்கோ பிள்ளைகள் வீட்டுக்கோ இறங்கும்போது போன் பிளக், அடாப்டர் இரண்டையும் கழற்றிவிட்டுப் போங்கள். ஊரில் இருக்கும்போது வாரம் ஒருமுறை, சிக்னல் கிடைக்கும் இடத்தில் ஒருவரை நிறுத்தி, செல்லிலிருந்து வீட்டு எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். டயல் டோன் வருவது மட்டும் போதாது; மணி அடிக்கிறதா, அந்தச் சத்தம் பின்கட்டு வரை கேட்கிறதா, இரு பக்கமும் பேச்சுத் தெளிவாக இருக்கிறதா என்று மூன்றையும் பார்த்துவிட வேண்டும். ஃபைபர் வீட்டில் இந்தச் சோதனையை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். யுபிஎஸ் பேட்டரி செத்திருந்தால் அப்போதுதான் தெரியும்.